புலப்படாப் புண்: முதலாம் உலகப் போரும் போர்வீரரின் உளநோயும்

போர்களின் வரலாற்றை எழுதியோர் மாண்டவர்களைக் கணக்கிட்டனர். கைப்பற்றப்பட்ட நிலத்தையும் இழக்கப்பட்ட கோட்டைகளையும் கணக்கிட்டனர். உறுப்புக் குறைவின்றி வீடு திரும்பியும் இரவில் உறங்கமாட்டாது தவித்த ஆடவரைப் பற்றி அவர்கள் எழுதியது மிகச் சொற்பமே. எனினும் அத்தகையோர் முற்றாக மறைந்துவிடவில்லை. கி.மு. 490இல் நிகழ்ந்த மரதன் போரை விவரிக்குமிடத்து எபிசெலசு என்னும் அதேன்சு நகர வீரன் ஒருவனைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோற்றசு குறிப்பிடுகிறார். போரிட்டுக்கொண்டிருந்த அவனுக்கு எதிரே, தாடியால் கேடயமே மறையுமளவுக்குப் பெரியதோர் உருவம் தோன்றிற்று. அது அவனைக் கடந்து பக்கத்தில் நின்றவனைக் கொன்றது. அக்கணமே எபிசெலசு பார்வையிழந்தான். வாளோ அம்போ அவன்மீது படவில்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் அவன் குருடனாகவே இருந்தான். ஹெரோடோற்றசு இதனை ஓர் அதிசயமாகவே பதிவு செய்தார்.

பிற்காலத்தவர் இத்தகைய துன்பத்துக்குத் தத்தம் காலத்து மருத்துவ நம்பிக்கைக்கேற்பப் பெயரிட்டனர். அந்நிய மண்ணிற் கூலிப்படையினராய்ப் பணிபுரிந்த சுவிற்சர்லாந்து வீரரை வாட்டிய வீட்டேக்கத்தை மருத்துவர் ஆராயத் தொடங்கியதற்கு, 1688இல் யோகான்னசு ஹோபர் என்பார் பாசல் நகரில் அளித்த ஆய்வுரை வித்திட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் கண்ட படபடப்பையும் மூச்சுத்திணறலையும் 1871இல் டா கொஸ்ரா என்னும் மருத்துவர் இதயத்தின் கோளாறாக விவரித்தார். வீட்டு நினைவு, இதயம், பின்னர் நரம்பு என நோயின் இருப்பிடம் மாறிக்கொண்டே வந்தது. அச்சம் என்ற சொல்லை மட்டும் எவரும் எளிதில் உச்சரிக்கவில்லை. ஆண்மகனுக்கு அது அடாத சொல் எனக் கருதப்பட்டதே இதற்குக் காரணம் எனலாம்.

வீரனின் உடலை அவன் மானத்தின் ஏடாகக் கொள்ளும் வழக்கம் எச்சமுதாயத்துக்கும் பொதுவானது. மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றிய சங்ககாலச் சமுதாயம், முதுகிற் பட்டதைப் புறப்புண் என இகழ்ந்தது. கரிகாலனோடு வெண்ணியிற் பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பை ஊடுருவிய வேலால் முதுகிலும் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. முன்னிருந்து பாய்ந்த வேலே என்பது எல்லோரும் அறிந்ததாயிருந்தும் நாணம் அவனை விடவில்லை. மார்பிலும் முதுகிலும் எங்கும் காணப்படாத புண்ணை எவ்வகையிற் சேர்ப்பது? முதலாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய இராணுவம் எதிர்கொண்ட சிக்கல் இதுவேயாகும்.

1914இல் தொடங்கிய அப்போர் சில மாதங்களுக்குள்ளேயே பதுங்குகுழிப் போராக உறைந்துவிட்டது. பாய்ந்து தாக்குதல், துரத்துதல், தப்பியோடுதல் ஆகிய யாவும் அரிய நிகழ்ச்சிகளாயின. மண்ணிற் புதைந்து அமர்ந்திருந்தபடி, பல மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் பீரங்கிக் குண்டு தன்மீது விழுமா என்று காத்திருப்பதே வீரனின் பெரும்பணி ஆயிற்று. இதன் உளவியற் பொருள் பின்னரே விளங்கிற்று. ஆகாயப் படையினரை ஆராய்ந்த றிவேர்ஸ் என்னும் மருத்துவர், தாமே விமானத்தைச் செலுத்திய விமானிகளைவிட, கயிற்றாற் கட்டப்பட்ட பலூனில் அசையமாட்டாது தொங்கி எதிரியை நோட்டமிட்ட அதிகாரிகளே உளநோய்க்குப் பெரிதும் ஆளாயினர் எனக் கண்டார். ஆபத்து மட்டுமன்று, ஆபத்தின் முன் ஏதும் செய்யவியலாத நிலையே மனத்தைப் பெரிதும் சிதைக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

1915 பெப்ரவரியில் ‘லான்செற்’ மருத்துவ இதழில் சாள்ஸ் மையர்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரான்சிலுள்ள லெ தூக்கே நகரத்துப் போர்க்கால வைத்தியசாலையில் தாம் கண்ட மூன்று சிப்பாய்களைப் பற்றியது அது. ஒருவன் முட்கம்பியிற் சிக்கியிருந்தவேளை குண்டுகள் அருகே வீழ்ந்து வெடித்தன. மூவருக்கும் பார்வை மங்கிற்று, மணமும் சுவையும் அறியும் ஆற்றல் குன்றிற்று, நினைவு கலைந்தது. ஆனால் செவிப்புலன் ஏறத்தாழக் கெடவேயில்லை. இச்சிறு குறிப்பு ஊன்றி நோக்கற்பாலது. வெடியின் பேரொலியும் அதிர்வுமே நோய்க்குக் காரணமாயின் முதலிற் கெடவேண்டியது செவியேயன்றோ? நோய் வேறெங்கோ இருந்தது. எனினும் கட்டுரையின் தலைப்பில் இடம்பெற்ற ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற தொடர் காட்டுத்தீப் போலப் பரவிற்று. அது மையர்ஸ் ஆக்கிய சொல்லன்று. படையினரிடையே வழங்கியதை அவர் அச்சேற்றினார். பின்னர் அச்சொல்லைப் பொருத்தமற்றதெனக் கைவிட அவரே விரும்பியும் அது கைகூடவில்லை.

சொல் பரவியதற்குக் காரணம் உண்டு. அது நோயாளியின் மானத்தைக் காத்தது. குண்டு வெடித்தது, மூளை அதிர்ந்தது என்றாற் கோழை என்ற பழி இல்லை. பிரடெரிக் மொற் போன்ற மருத்துவர்கள் மூளையின் நுண்ணிய குருதிக் கசிவிலும் நச்சு வாயுவிலும் காரணத்தைத் தேடினர். ஆனால் குண்டு வெடித்த இடத்தின் அருகே ஒருபோதும் நில்லாதவரிடமும் அதே குறிகள் தோன்றியபோது அவ்விளக்கம் தளர்ந்தது. இராணுவமோ இருவகையாகப் பிரித்தது. எதிரியின் குண்டு நேரே காரணமாயின் நோயாளி ‘காயமுற்றவர்’. அவர் சீருடையிற் காயக்கோடு அணியலாம், உபகாரச் சம்பளத்துக்கும் உரித்துடையவர். அவ்வாறன்றேல் அவர் வெறுமனே ‘நோயுற்றவர்’. கோடும் இல்லை, மதிப்பும் இல்லை. விழுப்புண்ணையும் புறப்புண்ணையும் பகுத்த பழைய அளவுகோல் இருபதாம் நூற்றாண்டின் படிவங்களில் மீண்டும் தலைகாட்டிற்று என்று கொள்வதில் தவறில்லை. 1917இல் இச்சிக்கலைத் தவிர்க்கும் பொருட்டு ‘நரம்புநோய், இன்னும் நிதானிக்கப்படவில்லை’ என்ற பொருள்படும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று புகுத்தப்பட்டது. ‘ஷெல் அதிர்ச்சி’ என எழுதும் உரிமையே முன்னணி மருத்துவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

இவையனைத்துக்கும் பின்னணியில் எண்ணிக்கை பற்றிய கவலை இருந்தது. 1916 யூலை 1ஆம் திகதி, சொம் போரின் முதல் நாளில் மட்டும், பிரித்தானியப் படை 57,470 பேரை இழப்பாகக் கணக்கிட்டது. அவர்களுள் 19,240 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த மாதங்களில் உளநோயாளர் பெருந்தொகையினராய்ப் பின்னணிக்கு வந்தனர். போர் முடிவதற்குள் பிரித்தானிய இராணுவம் கையாண்ட இத்தகைய நோயாளர் ஏறத்தாழ 80,000 பேர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. 1916இன் இறுதியில், மையர்சின் வற்புறுத்தலின் பேரில், போர்முனைக்கு அண்மையிலேயே சிகிச்சை நிலையங்கள் அமைக்கப்பட்டன. உறக்கம், உணவு, ஆறுதல், விரைவில் அணிக்குத் திரும்புவாய் என்னும் உறுதி ஆகியவையே அங்கு மருந்து. நெடுந்தொலைவுக்கு அனுப்பப்பட்டவரே நாட்பட்ட நோயாளராயினர் என்ற அவதானிப்பு இதற்கு அடிப்படையாயிற்று. பிற்காலப் படைமருத்துவம் இன்றளவும் இதனையே பின்பற்றுகிறது.

எல்லாச் சிகிச்சையும் இத்துணை மென்மையானதன்று. ஜேர்மனியில் பிரிற்ஸ் கவுப்மான் 1916இல் விளம்பரப்படுத்திய முறையில் கடும் மின்னோட்டமும் இராணுவக் கட்டளையும் ஒருங்கே செலுத்தப்பட்டன. இலண்டனில் லூயிஸ் யெலண்ட் 1918இல் வெளியிட்ட நூலில் விவரித்த நோயாளி ஒருவன் 24 வயதினன். மொன்ஸ் தொடக்கம் கலிப்போலி வரை பல களங்களைக் கண்டவன். ஒன்பது மாதங்களாகப் பேச்சிழந்திருந்தவன். இருட்டறையிற் கதவைப் பூட்டி, பேசும் வரை வெளியேற முடியாது எனக் கூறி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது. நான்கு மணிநேரத்தில் அவன் பேசினான். நூலாசிரியர் இதனை வெற்றியாகவே எழுதினார். ஒரு வகையில் வெற்றிதான். ஆயின் அவன் எதைக் கண்டு பேச்சிழந்தான் என்பதை அறியும் ஆர்வம் அப்பக்கங்களிற் காணப்படவில்லை. வியன்னாவில் வாக்னர்-யௌரெக்கின் வைத்தியசாலையில் நிகழ்ந்தவை பற்றி 1920இல் அரச விசாரணை நடைபெற்றது. அங்கு சாட்சியளித்த சிக்மன் பிராய்ட், போர்க்கால மருத்துவர் வகித்த பாத்திரத்தை, தப்பியோடுவோரைத் திரும்பத் துரத்தும்பொருட்டுப் போர்முனையின் பின்னே வைக்கப்பட்ட இயந்திரத் துப்பாக்கிக்கு ஒப்பிட்டார். ஆயினும் வாக்னர்-யௌரெக் நேரிய எண்ணத்துடனேயே செயற்பட்டார் என்பதே அவர் கருத்தாகவும் இருந்தது. விசாரணையும் அவரைக் குற்றமற்றவரெனக் கண்டது.

இச்சூழலிலேயே வில்லியம் ஹால்ஸ் றிவேர்ஸின் பணி தனித்து நிற்கிறது. 1864இற் பிறந்த இவர் எம்மவர்க்கு வேறொரு வகையில் அறிமுகமானவர். 1898இல் ஹடன் தலைமையில் தொறஸ் நீரிணைக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவில் இவரும், மேற்சொன்ன மையர்சும், செலிக்மனும் இடம்பெற்றனர். 1911இல் இலங்கை வேடரைப் பற்றிய பெருநூலைத் தம் மனைவியாருடன் இணைந்து வெளியிட்டவர் அச்செலிக்மனே. றிவேர்ஸோ நீலகிரிக்குச் சென்று தோதவரிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். வம்சாவளிகளை ஒருவர் பின் ஒருவராகக் கேட்டுத் தொகுத்து, அவற்றிலிருந்து ஒரு சமுதாயத்தின் அமைப்பையே உணரும் முறை அவருடையது. பிறர் கூற்றைக் குறுக்கிடாது, அதனைப் பொருளற்றதென ஒதுக்காது, பொறுமையுடன் கேட்கும் பழக்கம் அவ்வாய்வுகளிலேயே அவரிடம் வேரூன்றியிருத்தல் வேண்டும். தோதவர் மந்துகளிற் கற்றது படுகாயமுற்ற ஐரோப்பியரின் மனத்தைத் திறக்க உதவிற்று என்பது மிகையான கூற்றாகாது.

லிவர்பூலுக்கு அண்மையிலிருந்த மாகல் வைத்தியசாலையில் 1915 முதல் சாதாரணச் சிப்பாய்களுக்கு உளவழிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. றிவேர்ஸ் அங்கு பணியாற்றிய பின், 1916இல் எடின்பரோ நகரின் புறத்தே அமைந்த கிரெய்க்லொக்காட் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். முன்னர் நீர்ச்சிகிச்சை விடுதியாயிருந்த அக்கட்டடம் அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. அக்காலத்து வழக்கமான அறிவுரை யாதெனின், கண்டதை மறந்துவிடு, இனியவற்றை எண்ணு, போரைப் பற்றிப் பேசாதே என்பதே. ஆணுக்கு அழகு அடக்கம் எனக் குடும்பமும் பாடசாலையும் ஊட்டியதும் அதுவே. றிவேர்ஸ் இதனை மறுத்தார். 1917 டிசம்பரில் வாசித்து 1918இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்ட ஆய்வுரையில், பகலெல்லாம் நினைவைத் துரத்தியடிப்பவனிடம் இரவில் அது பன்மடங்கு வலிமையுடன் திரும்புகிறது என்பதைப் பல நோயாளரின் வரலாறுகளால் நிறுவினார். அதேவேளை, இடையறாது அதனையே எண்ணிக்கொண்டிருப்பதும் தீது என அவர் எச்சரித்தார். நினைவை நேர்நின்று நோக்கி, அதிற் சகிக்கக்கூடிய ஒரு கூற்றைக் கண்டு, அதனைத் தன் வாழ்வின் ஓர் அங்கமாக ஏற்பதே அவர் நாடிய வழி.

அவ்வுரையில் வரும் இரு அதிகாரிகளின் கதைகள் அருகருகே வைத்து நோக்கத்தக்கன. முதலாமவர் காணாமற்போன தம் நண்பரைத் தேடிச் சென்று, தலையும் உறுப்புகளும் உடலின் வேறாய்ச் சிதறிக் கிடக்கக் கண்டவர். அதுமுதல் இரவுதோறும் நண்பர் கனவில் வந்தார். சிலவேளை கண்டபடி சிதைந்த உருவில், சிலவேளை தொழுநோயாளரின் உருவில், மெல்ல மெல்ல நெருங்கி வந்தார். பகலில் மறக்க முயன்றதெல்லாம் வீணாயிற்று. உடல் அவ்வாறு சிதறியிருந்தமையே, நண்பர் வேதனை எதனையும் அறியாது நொடியில் உயிர்நீத்தார் என்பதற்குச் சான்று என்று றிவேர்ஸ் சுட்டிக்காட்டினார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்னர் வந்த கனவில் அவர் நண்பரின் உடலருகே மண்டியிட்டு, உறவினருக்கு அனுப்பவேண்டிய உடைமைகளை எடுத்தார். விழித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் அது பயங்கரத்தின் அலறலன்று, துக்கத்தின் அழுகை. பயங்கரம் துக்கமாக மாறியதே அங்கு நிகழ்ந்த குணமாக்கம். நண்பனுக்காக அழும் உரிமை அவ்வாடவருக்கு அன்றே கிடைத்தது எனலாம்.

இரண்டாமவர் குண்டு வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, இறந்து பல நாட்களாகி ஊதியிருந்த ஜேர்மானியன் ஒருவனின் வயிற்றின்மீது முகம்புதைய வீழ்ந்தவர். வயிறு வெடித்தது. நினைவிழக்கும் முன்னரே தம் வாயை நிறைத்தது யாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அச்சுவையும் மணமும் அவரை விட்டகலவில்லை. இந்நினைவிற் சகிக்கத்தக்க கூறு ஒன்றைத் தேடிய றிவேர்ஸ் எதனையும் காணவில்லை; அவ்வாறே எழுதியும் வைத்தார். படையை விட்டு விலகி, முன்னர் தமக்கு ஆறுதலளித்த நாட்டுப்புற வாழ்வை நாடுவதே அவ்வதிகாரிக்கு உகந்ததாயிற்று. தம் முறை பயனளிக்காத இடத்தை மறையாது வெளியிட்ட இந்நேர்மை, யெலண்டின் வெற்றிப் பட்டியலினும் நம்பத்தக்கது.

முதலாமவர் போன்றோரைக் குணப்படுத்தியபின் நேர்வது யாது? அவர்கள் மீண்டும் பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். மென்மையான மருத்துவமும் கொடிய மருத்துவமும் ஒரே வாயிலிற் சென்று சேர்ந்தன என்பதை மறைத்து றிவேர்ஸைப் போற்றுவது வரலாறாகாது. அவர் இதனை அறியாதவரல்லர். 1917 யூலையில் சீக்பிரிட் சசூன் என்னும் கவிஞர், வீரத்துக்கான பதக்கம் பெற்ற அதிகாரி, போர் வேண்டுமென்றே நீடிக்கப்படுகிறது எனப் பகிரங்க அறிக்கை விடுத்தார். அவ்வறிக்கை பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குப் பதிலாக நோயாளியெனக் கிரெய்க்லொக்காட்டுக்கு அனுப்பினர். கருத்து மாறுபாட்டை நோயாக்கும் உபாயம் இது. சசூனுடன் நிகழ்த்திய உரையாடல்கள் மருத்துவரையே கலக்கின. றிவேர்ஸ் இறந்தபின் 1923இல் வெளிவந்த கனவு பற்றிய நூலில், போரெதிர்ப்பு நோயாளி ஒருவரின் கருத்துகள் தம்முள் எழுப்பிய போராட்டத்தைத் தம் கனவொன்றின் வாயிலாகவே அவர் ஆராய்ந்துள்ளார். சசூன் இறுதியிற் போர்முனைக்குத் திரும்பினார். கருத்தை மாற்றியதனாலன்று, தம் வீரரைத் தனியே விடமாட்டாமையினால். 1918 யூலையில் தலையிற் காயமுற்று உயிர் தப்பினார்.

அதே விடுதியில் வில்பிரட் ஓவன் ஆர்தர் புறொக்கின் நோயாளியாயிருந்தார். புறொக் கனவுகளைத் துருவியவரல்லர். உழைப்பையும் சுற்றுப்புறத்தோடு உறவையும் மருந்தாகக் கொண்டவர். நிலத்தைத் தீண்டுந்தோறும் வலிமை பெற்ற கிரேக்க அசுரன் அந்தேயசு அவருக்குப் பிடித்தமான உருவகம். ஓவன் வைத்தியசாலைச் சஞ்சிகைக்கு ஆசிரியரானார். எடின்பரோப் பாடசாலையொன்றிற் கற்பித்தார். சசூனைச் சந்தித்துக் கவிதையில் முதிர்ந்தார். 1918 நவம்பர் 4ஆம் திகதி சம்பர் - ஓவாஸ் கால்வாய்க் கரையில் அவர் கொல்லப்பட்டார். மரணச் செய்தி தாயாரை அடைந்தது போர்நிறுத்த நாளான 11ஆம் திகதியன்று என்பர்.

அதிகாரிகளிடம் பதகளிப்பும் கொடுங்கனவும், சிப்பாய்களிடம் ஊமையும் பாரிசவாதமும் மிகுதி என றிவேர்ஸ் கண்டார். உயர்குடிப் பாடசாலைகளின் பயிற்சியே முன்னவரிடம் நோயைச் சிக்கலாக்கிற்று என விளக்கினார். இவ்விளக்கத்தில் அவர் வகுப்பின் தப்பெண்ணமும் கலந்துள்ளது. மேலதிகாரியை எதிர்த்து ஒரு சொல்லேனும் கூறவியலாத சிப்பாயின் வாய் அடைபட்டுப்போனதில் வியப்பென்ன? அவனுடைய ஊமைத்தன்மையும் ஒருவகை மொழியே. பேசி ஆறுதல் பெறும் வாய்ப்பும் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே கிட்டிற்று.

போருக்குப் பின் ஆர்வம் விரைவில் அடங்கிற்று. சவுத்பறோ பிரபுவின் குழு 1922இல் அளித்த அறிக்கை ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற சொல்லையே ஒழிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு யூனில் றிவேர்ஸ் காலமானார். கற்றது மறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் மீண்டும் கற்கப்பட்டது. பர்மிங்ஹாமுக்கு அருகேயுள்ள நோர்த்பீல்டில் பியோன், றிக்மன் ஆகியோர் நோயாளரைக் குழுவாகவே இயங்கவிட்டுச் செய்த பரிசோதனை ஆறு வாரங்களே நீடித்தாலும் பின்வந்த குழுச்சிகிச்சைக்கு வழிவகுத்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கர் 1970 முதல் நியூயோர்க்கில் தாமே வட்டமாகக் கூடிப் பேசலாயினர். ஷற்றன், லிப்ற்றன் போன்ற உளமருத்துவர் அங்கே சமமானவராய் அமர்ந்து கேட்டனர். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்வகைப்பாட்டில் ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு’ இடம்பெற்றமைக்கு அவ்வீரர்களின் கிளர்ச்சியும் ஒரு காரணம். எபிசெலசின் குருட்டுத்தன்மைக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளின் பின் கிடைத்த பெயர் அது.

இப்பெயர் கிடைக்குமுன் மாண்டோர் பலர். ஹரி பார் என்னும் சிப்பாய் 1915இல் ‘ஷெல் அதிர்ச்சி’க்காக ஐந்து மாதங்கள் வைத்தியசாலையில் இருந்தவர், மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டவர். 1916 செப்டம்பரில், சொம் போரின் நடுவே, முன்செல்ல இயலாது என அவர் மறுத்தார். கோழைத்தனம் என்ற குற்றத்துக்காக, தமக்கென வாதாட எவருமின்றி, இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, ஒக்ரோபர் 18ஆம் திகதி 25 வயதிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய மனைவிக்கு உபகாரச் சம்பளம் மறுக்கப்பட்டது. 1930இல் கோழைத்தனத்துக்கும் படையை விட்டோடுதலுக்கும் உரிய மரணதண்டனை ஒழிக்கப்பட்டது. அவர் மகள் முதுமை வரை போராடிய பின், 2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம், இவ்வகைக் குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட 306 பேருக்கும் மன்னிப்பளித்தது. குற்றத்தீர்ப்பும் தண்டனையும் இம்மன்னிப்பினாற் பாதிக்கப்படா என அச்சட்டத்தின் அதே பிரிவு கூறுகின்றது.